சில்லறையில் கிடைக்கும் பிழை நாணயங்கள்: நாணயச்சாலையில் நேர்ந்ததா, வெளியே வந்தபின் நேர்ந்ததா?

வாசகர் கேள்வி – 6 ஜனவரி 2024

பேருந்தில் மீதிச் சில்லறையாக வந்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றில், சிங்கமுகத்தை நேராக வைத்துத் திருப்பினால், மறுபக்கத்து ஐந்து படுத்துக் கிடக்கிறது. இது அச்சடித்தபோது நேர்ந்த பிழை என்றும் இலட்சக்கணக்கில் விலை போகும் என்றும் காணொளிகளில் சொல்கிறார்கள். என் மாமாவோ, எல்லா நாணயமும் அப்படித்தான், திருப்புகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி ஐயா?

6 ஜனவரி 2024, இரவு

உங்கள் மாமா பாதி சரியாகச் சொல்கிறார். திருப்புகிற விதம் தவறினால் நல்ல நாணயமும் பிழையாகத்தான் தெரியும். ஆகவே முதலில் திருப்பும் முறையை உறுதி செய்துகொள்வோம். சிங்கமுகம் உங்களைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும்படி நாணயத்தைப் பிடியுங்கள். உச்சியில் ஆள்காட்டி விரலும் அடியில் கட்டைவிரலும் இருக்கட்டும். அந்த இரு விரல்களையும் எடுக்காமல், மற்றொரு கையால் நாணயத்தைப் பக்கவாட்டில் சுழற்றுங்கள். இந்தியக் குடியரசின் நாணயங்களில் இப்படிச் சுழற்றினால் மறுபக்கமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அது சாய்ந்தோ, படுத்தோ, தலைகீழாகவோ நின்றால், நாணயத்தின் இரு பக்கத்து வடிவங்களையும் அடித்துப் பதிக்கும் இரண்டு அச்சுகளில் ஒன்று தன் இடத்திலிருந்து திரும்பியிருந்தது என்று பொருள்.

அமெரிக்க நாணயங்களுக்கு இது பொருந்தாது. அவற்றை மேலிருந்து கீழாகப் புரட்டினால்தான் மறுபக்கம் நேராக வரும். வெளிநாட்டு உறவினர் கொடுத்த கால் டாலரை வைத்துக்கொண்டு "தலைகீழ்ப் பிழை" என்று எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

7 ஜனவரி 2024

சாய்வின் அளவைக் கடிகார மணியால் சொல்வது வசதியானது. சிங்கமுகம் பன்னிரண்டை நோக்கி நிற்கையில், மறுபக்கத்து எண்ணின் உச்சி மூன்றை நோக்கினால் கால் சுற்று, ஆறை நோக்கினால் அரைச் சுற்று. பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையிலான சிறு சாய்வு மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. அதைச் சேகரிப்பவர்கள் பெரிதாக மதிப்பதில்லை.

9 ஜனவரி 2024

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மூன்று மணிக்குச் சற்று முன்னதாக நிற்கிறது. உண்மையான அச்சுத் திரும்பல்தான், மாமாவிடம் காட்டலாம். இலட்சத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்குக் காரணம் அந்தப் பிழை உண்டாகும் விதத்திலேயே இருக்கிறது. அச்சு, அழுத்தும் இயந்திரத்தில் பொருத்தப்பட்டபோதே கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கலாம், அல்லது ஓட்டத்தின் அதிர்வில் தளர்ந்து மெல்லத் திரும்பியிருக்கலாம். எவ்வாறாயினும், யாராவது கண்டுபிடித்து இயந்திரத்தை நிறுத்தும் வரை விழுந்த ஒவ்வொரு நாணயமும் அதே சாய்வோடு, அல்லது சிறிது சிறிதாகக் கூடும் சாய்வோடுதான் விழுந்திருக்கும். ஆகவே உங்கள் நாணயத்துக்கு உடன்பிறந்தவை ஏராளம். நான் சிறிய எழுதுபொருள் கடை வைத்திருக்கிறேன். இரவில் கல்லாவைக் கணக்கெடுக்கையில் இத்தகைய நாணயங்கள் அவ்வப்போது அகப்படும். ஒன்று கிடைத்தால் அடுத்த சில நாட்களில் அதே ஆண்டு, அதே நாணயச்சாலை அடையாளம், அதே சாய்வோடு இன்னொன்று வந்து சேர்வதும் உண்டு.

14 ஜனவரி 2024

விடுமுறை நாள் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். பிழை நாணயம் என்று படம் போடுபவர்கள் எல்லோரிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்த மாற்றம் நாணயச்சாலையின் எந்தக் கட்டத்தில் நேர்ந்திருக்க முடியும்? அந்தக் கட்டத்தைச் சொல்ல முடிந்தால் மேலே பேசலாம். சொல்ல முடியாவிட்டால், அது வெளியே வந்தபின் பட்ட அடி என்றே கொள்வது பாதுகாப்பானது.

கட்டங்கள் மூன்று. முதலாவது வில்லை தயாராகும் கட்டம்: உலோகத்தை நீண்ட பட்டையாக உருட்டி, அதிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி, சூடேற்றி மென்மையாக்கி, அமிலத்தில் கழுவி, ஓரத்தை நெருக்கி விளிம்பு எழுப்புகிறார்கள். இரண்டாவது அச்சு தயாராகும் கட்டம். அச்சில் விரிசலோ சிதைவோ இரட்டைப் பதிவோ இருந்தால் அது அந்த அச்சு அடிக்கும் எல்லா நாணயங்களிலும் வரும். மூன்றாவது, வில்லை இரு அச்சுகளுக்கிடையே ஒரு வளையத்துக்குள் நின்று அடிபடும் கணம். காலர் எனப்படும் அந்த வளையந்தான் உலோகம் வெளியே பரவிவிடாமல் பிடித்து நிறுத்துவது. அது வேலை செய்யாவிட்டால் நாணயம் அகன்று தட்டையாகிவிடும். வில்லை நடுவில் நிற்காவிட்டால் ஒருபுறம் பதிவும் மறுபுறம் வெறுமையுமாக விழும்.

இரு அச்சுகளைத் தவறாக இணைப்பதும் உண்டு. பிரிட்டனில் 2008இல் இருபது பென்ஸ் நாணயத்தின் வடிவத்தை மாற்றி, அதுவரை பின்பக்கத்தில் இருந்த ஆண்டை முன்பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த மாற்றத்தின்போது ஒரு பகுதி நாணயங்களுக்குப் புதிய பின்பக்கத்தோடு பழைய முன்பக்க அச்சைச் சேர்த்து அடித்துவிட்டதால், ஆண்டே இல்லாத நாணயங்கள் மக்கள் கைக்கு வந்தன. அவற்றைச் சில்லறையில்தான் கண்டுபிடித்தார்கள். பிழை எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதை எந்த ஐயமும் இல்லாமல் விளக்க முடிகிறது; அதனால்தான் அதன் மதிப்பும் நிலைத்தது.

இன்னொன்று. நாணயச்சாலையிலும் ஆய்வு நடக்கிறது. விட்டமோ தடிமனோ மாறியவை அங்கேயே பெரும்பாலும் கழிக்கப்படும். தப்பினாலும் வங்கியில் எண்ணும் இயந்திரத்தில் சிக்கும். எனவே நம் சட்டைப்பைக்கு வந்து சேரும் பிழைகள் பெரும்பாலும் நாணயத்தின் அளவை மாற்றாதவையே: அச்சுத் திரும்பல், அச்சு விரிசல், அச்சின் பள்ளத்தை மசகெண்ணெய் அடைத்ததால் காணாமற்போன எழுத்து, சிறிய வெட்டு. பாதி நாணயம் வெறுமையாக இருக்கும் பெரும்பிழை பேருந்துச் சில்லறையில் கிடைத்தது என்று யாராவது சொன்னால், நான் உடனே நம்புவதில்லை. நம்பாமலும் விட்டுவிடுவதில்லை, எடையைக் கேட்பேன்.

21 ஜனவரி 2024

"கடித்த நாணயம்" பற்றிக் கேட்டிருந்தார்கள். பிழை நாணயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். போலி செய்வதும் எளிது, போலியைக் கண்டுபிடிப்பதும் எளிது.

உருட்டிய மாவில் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பூரி வெட்டுவதைப் போலத்தான் பட்டையிலிருந்து வில்லை வெட்டுகிறார்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் பட்டை போதுமான தூரம் நகர வேண்டும். அது குறைவாக நகர்ந்தால், அடுத்த வெட்டு முன்னர் வெட்டிய துளையின் மீது ஓரளவு படியும். அந்த வில்லையின் ஓரத்தில் பிறைவடிவில் ஒரு பகுதி இருக்காது. பட்டையின் முடிவில் வெட்டுப் பட்டால் அந்தக் குறை நேர்கோடாக இருக்கும். ஆகவே பிறைவடிவ வெட்டின் வளைவு அதே நாணயத்தின் வட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். இன்னொரு நாணயத்தை அந்தக் குழிவில் பொருத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். அரத்தால் தேய்த்தவனுக்கு இந்த வளைவு அமைவதில்லை.

என்னிடம் இருக்கும் ஒரு ரூபாய்த் துருவேறா எஃகு நாணயத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்துச் சொல்கிறேன். வெட்டு, சிங்கமுகப் பக்கத்தில் ஐந்து மணி அருகில் இருக்கிறது. அதை நெருங்க நெருங்க எழுத்துகளின் தடிமன் குறைந்து, கடைசி எழுத்து வெட்டை நோக்கி இழுபட்டு மங்குகிறது. அடிபட்டபோது அங்கே தடுக்க ஒன்றும் இல்லாததால் உலோகம் அந்த வெற்றிடத்தை நோக்கி ஓடியதன் தடம் இது. வெட்டின் உட்சுவர் மழுங்கி வழவழப்பாக இருக்கிறது. கோடுகளோ பிசிறோ இல்லை. இப்போது நாணயத்தைத் திருப்பாமல், வெட்டுக்கு நேரெதிரே பதினொரு மணிப் பக்கத்து விளிம்பைப் பாருங்கள். மற்ற இடங்களில் எழும்பி நிற்கும் விளிம்பு அங்கே மட்டும் தாழ்ந்து அகன்று கிடக்கிறது. விளிம்பு எழுப்பும் இயந்திரம் வில்லையை இரு பக்கமும் நெருக்கியே விளிம்பை உண்டாக்குகிறது; ஒரு பக்கம் வெட்டாகக் காலியாக இருக்கும்போது எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் விழுவதில்லை. இந்த எதிர்முனைத் தாழ்வைச் சேகரிப்பாளர்கள் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். வெளியே வெட்டியவன் வெட்டைத்தான் உண்டாக்குவான், எதிர்முனைக்குப் போய் விளிம்பைத் தாழ்த்த அவனுக்குத் தோன்றாது.

22 ஜனவரி 2024

மேலே உள்ளதற்கு ஒரு சேர்க்கை. வெட்டு மிகச் சிறியதாக இருந்தால் எதிர்முனைத் தாழ்வு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். தாழ்வு இருந்தால் அது வலுவான சான்று. இல்லை என்பதாலேயே நாணயத்தைப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. எழுத்துகள் மெலிகின்றனவா, உட்சுவர் வழவழப்பாக இருக்கிறதா என்பவற்றைச் சேர்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

23 ஜனவரி 2024

நேற்றிலிருந்து வந்த படங்களுக்கு ஒரே பதில். தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது பிழையன்று. நடுவில் துளையிட்டு வாஷராகப் பயன்படுத்தியது பிழையன்று. தாலிக்கயிற்றில் கோப்பதற்காகப் பற்றவைத்த வளையத்தைப் பிய்த்தெடுத்த வடு பிழையன்று. சாலையில் தாரோடு கிடந்து வண்டிகள் ஏறியதும் பிழையன்று.

கறுத்துப் புள்ளி விழுந்த ஒரு ரூபாயைக் காட்டி "வேறு உலோகத்தில் அடித்தது" என்று எழுதியிருக்கும் நண்பர், அது ஆற்றில் கிடந்ததா என்று விசாரிக்கட்டும். படித்துறைகளில் கயிற்றில் காந்தத்தைக் கட்டி நீரில் இழுத்துக் காசு எடுக்கும் சிறுவர்களைப் பார்த்திருப்பீர்கள். எஃகு நாணயம் காந்தத்தில் ஒட்டும் என்பதால் மேலே வருகிறது. 1992 முதல் வந்த பழைய தாமிர-நிக்கல் ஐந்து ரூபாயும் பதினொரு கோண இரண்டு ரூபாயும் ஒட்டாமல் அடியிலேயே தங்கிவிடுகின்றன. அப்படி வெளிவந்த எஃகு நாணயங்கள் கடைத்தெருவில் கலந்து, யாரோ ஒருவருக்கு "அரிய உலோக"மாகத் தோன்றுகின்றன.

4 பிப்ரவரி 2024

இரட்டைப் பதிவு. இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள், ஏனெனில் இரண்டு வேறு நிகழ்வுகள் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன.

அச்சிலேயே வடிவம் இருமுறை சற்று விலகிப் பதிந்திருந்தால், அது உண்மையான இரட்டை அச்சு. மூலவடிவத்தை அச்சின் மீது ஒருமுறைக்கு மேல் அழுத்திப் பதிக்கும்போது, இரண்டாவது அழுத்தம் முதலாவதோடு சரியாகப் பொருந்தாததால் நேர்வது. அமெரிக்காவில் 1955இல் பிலடெல்பியாவில் அடித்த லிங்கன் சென்ட் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். ஆண்டும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். இத்தகைய பதிவில் இரண்டு உருவங்களும் உருண்டு முழுமையாக எழும்பியிருக்கும், எழுத்தின் உடல் வழக்கத்தைவிடத் தடித்திருக்கும், எழுத்தின் மூலைகளில் சிறு பிளவு காணப்படும்.

மற்றது இயந்திர நழுவல். அடித்து முடித்த அச்சு விலகும் கணத்தில் சற்றே அசைந்து, புதிதாக எழும்பிய எழுத்தின் ஓரத்தைத் தட்டித் தாழ்த்திவிடுகிறது. அங்கே இரண்டாவது உருவம் இல்லை. முதல் உருவத்தின் ஒரு பகுதிதான் தட்டையான படியாக இறங்கியிருக்கிறது. எழுத்து தடிப்பதற்குப் பதிலாக மெலிகிறது. மேசை விளக்கைத் தாழ்த்தி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழச் செய்து, பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள்: படி தட்டையாகப் பளபளத்தால் நழுவல்.

என் அனுபவத்தில், நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எஃகு நாணயங்களில் "இரட்டை" என்று என்னிடம் கொண்டுவரப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை நழுவலே. கொண்டுவருபவர் முகம் வாடுவதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய் சொல்லி மகிழ்விப்பதில் பயனில்லை.

5 பிப்ரவரி 2024

கோடுகள் பற்றி ஒரு சுருக்கமான விதி: கோடு மேடாக இருந்தால் அச்சைச் சந்தேகியுங்கள், பள்ளமாக இருந்தால் ஆணியைச் சந்தேகியுங்கள். அச்சில் விரிசல் விழுந்தால் அந்த விரிசலுக்குள் உலோகம் புகுந்து நாணயத்தில் மேட்டுக்கோடாக எழும்பும். பெரும்பாலும் அது விளிம்பில் தொடங்கி எழுத்துகளின் வழியே போகும். அச்சின் ஓரம் உடைந்தே விழுந்துவிட்டால், அந்த இடத்தில் வடிவமற்ற ஒரு திட்டு நாணயத்தில் புடைத்து நிற்கும். எஃகு, தாமிரக் கலவைகளைவிடக் கடினமானது. அதை அடிக்கும் அச்சுகள் விரைவில் களைத்துப்போகின்றன. அதனால் மேட்டுக்கோடுகள் நம் எஃகு நாணயங்களில் தேடினால் கிடைக்கும்.

5 பிப்ரவரி 2024, இரவு

காலையில் எழுதிய விதிக்கு விலக்கு உண்டு என்று ஒருவர் சுட்டியது நியாயமானது. அச்சுக்கும் வில்லைக்கும் இடையே நூலோ உலோகத் துணுக்கோ சிக்கினால் நாணயத்தில் பள்ளம் விழும். அது நாணயச்சாலையில் நேர்ந்ததே. வேறுபாடு பள்ளத்தின் கரையில் இருக்கிறது. ஆணி கீறினால் உலோகம் உழப்பட்டு இரு கரையிலும் வரப்பு எழும். நூல் பதிந்தால் வரப்பு இருக்காது, அடிப்பகுதி மழமழவென்று இருக்கும்.

மசகு அடைத்த அச்சும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஆண்டில் கடைசி இலக்கம் மட்டும் இல்லை என்றால், அக்கம்பக்கத்து இலக்கங்களைப் பாருங்கள். அவை கூர்மையாக நிற்க, ஒன்று மட்டும் கரைந்திருந்து, அந்த இடத்தின் மேற்பரப்பும் மற்ற இடங்களைப் போலவே இருந்தால் மசகு. சுற்றுப்புறமும் சேர்ந்து மழுங்கியிருந்தால், பலர் கைபட்டுத் தேய்ந்த நாணயம்.

18 பிப்ரவரி 2024

"ஆண்டின் கீழே அடையாளம் விடுபட்டுள்ளது, எவ்வளவு பெறும்?" என்ற கேள்வி மீண்டும் மீண்டும் வருகிறது. ஒன்றும் பெறாது. மும்பை நாணயச்சாலை வைரவடிவத்தையும், ஐதராபாத் நட்சத்திரத்தையும், நொய்டா ஒரு புள்ளியையும் இடுகின்றன. கொல்கத்தா எதையும் இடுவதில்லை. அடையாளமில்லாத நாணயம் கொல்கத்தாவிலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

பழைய நாணயங்களில் வேறு எழுத்துகளைக் கண்டு திகைக்க வேண்டாம். தேவைக்கு நம் நாணயச்சாலைகளின் உற்பத்தி போதாதபோது வெளிநாடுகளில் அடித்து வாங்கியிருக்கிறார்கள். 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் உள்ள ஆங்கில எச் பர்மிங்காமையும், 1988ஆம் ஆண்டு இருபத்தைந்து பைசாவில் உள்ள சி ஒட்டாவாவையும் குறிக்கும். இவை சேகரிக்கத் தகுந்தவை, பிழைகள் அல்ல.

2 மார்ச் 2024

பத்து ரூபாய். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்: நாணயத்தில் உள்ள கதிர்க்கோடுகள் பத்தா பதினைந்தா, ரூபாய்க் குறி இருக்கிறதா இல்லையா என்பவை பிழையும் அல்ல, கள்ளநாணயத்தின் அடையாளமும் அல்ல. பதினான்கு வடிவங்களில் பத்து ரூபாய் நாணயங்கள் வந்துள்ளன, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. அதற்குப் பின்னும் நம் ஊர்க் கடைகளில் அவற்றை வாங்க மறுத்தவர்கள் உண்டு. வாங்க மறுத்த அதே ஆள் என்னிடம் அதே நாணயத்தைப் பிழை நாணயம் என்று விற்க வந்ததும் உண்டு.

இனி உண்மையான கேள்வி. வெளி வளையமும் நடு வில்லையும் தனித்தனியாகச் செய்யப்பட்டு, இயந்திரத்தில் ஒன்றினுள் ஒன்று வைக்கப்பட்டு, அச்சின் அடியில்தான் ஒன்றோடொன்று இறுகுகின்றன. ஒரே அச்சு, ஒரே அடியில், வளையத்தின் மீதும் நடுவின் மீதும் பதிகிறது. இதிலிருந்து ஒரு சோதனை தானாகவே கிடைக்கிறது: வளையத்தின் எழுத்துகளுக்கும் நடுவில் உள்ள சிங்கமுகத்துக்கும் இடையே கோணம் மாறியிருக்கவே முடியாது. சிங்கமுகம் சாய்ந்து, வளையத்தின் எழுத்துகள் நேராக இருந்தால், யாரோ நடுவைத் தட்டிக் கழற்றித் திருப்பி மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். மறுபக்கத்தைப் பார்த்தால் அங்கும் அதே அளவு கோணல் இருக்கும். நடுவும் வளையமும் ஒன்றாக நேராக இருந்து, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே மட்டும் கோணம் மாறினால்தான் அது அச்சுத் திரும்பல்.

நடு வில்லை ஓரமாக ஒதுங்கி, வளையம் ஒருபுறம் அகன்றும் மறுபுறம் ஒடுங்கியும் இருக்கும் நாணயங்களைப் பார்க்கும்போதும் இதே முறைதான். இணைப்புக் கோட்டைக் கடந்து செல்லும் வடிவம் உடையாமல் தொடர்கிறதா என்று பாருங்கள். இணைப்பில் சுத்தியலின் தடமோ பசையோ தெரிந்தால் அதற்குமேல் பேச்சில்லை.

3 மார்ச் 2024

நேற்று எழுதியபின் ஜனவரியில் பேசிய அச்சுத் திரும்பலுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. இரண்டு அச்சுகளில் எது திரும்பியது என்று வட்ட நாணயத்தில் சொல்லவே முடியாது. ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகல் என்பது மட்டுமே தெரியும். ஆனால் 2020இல் புழக்கத்துக்கு வந்த பன்னிரண்டு கோண இருபது ரூபாயிலும், பழைய பதினொரு கோண இரண்டு ரூபாயிலும் சொல்லிவிடலாம். ஓரத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கும் காலர் வளையம் அசையாமல் இருப்பதால், எந்தப் பக்கத்து வடிவம் மூலைகளோடு பொருந்தாமல் நிற்கிறதோ அந்தப் பக்கத்து அச்சுதான் திரும்பியது. நல்ல நாணயம் ஒன்றை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். கோண நாணயத்தில் இத்தகைய பிழையைக் கண்டவர்கள், பொருந்தாத பக்கம் எது என்பதையும் குறித்து எழுதினால் நன்றாக இருக்கும்.

17 மார்ச் 2024

இருபக்கமும் சிங்கமுகம் உள்ள நாணயம் பற்றி.

இரண்டு பக்கமும் சிங்கமுகம் மேடாக இருந்தால், இரண்டு நாணயங்களைப் பாதியாகச் சீவி ஒட்டிய வேலையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பூவா தலையா போட்டு ஏமாற்றுபவர்கள் செய்வது அது. பக்கவாட்டு ஓரத்தில் இணைப்புக் கோடும், மேசையில் போட்டால் மந்தமான ஓசையும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு பக்கம் மேடாகவும், மறுபக்கம் அதே சிங்கமுகம் இடவலம் மாறிப் பள்ளமாகவும் இருந்தால், அது வேறு கதை. அடிபட்ட நாணயம் வெளியேறாமல் ஓர் அச்சில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. அடுத்த வில்லை வந்து அமர்கிறது. அதன் ஒரு பக்கத்தில் எதிர் அச்சின் வடிவம் முறைப்படி மேடாகப் பதிகிறது. மறுபக்கத்தில், ஒட்டிக்கொண்டிருக்கும் நாணயத்தின் வெளித்தெரியும் முகம் பள்ளமாகப் பதிகிறது. அந்த முகமும் அதே எதிர் அச்சு உண்டாக்கியதே என்பதால்தான் இரு பக்கமும் ஒரே வடிவம். ஒட்டிய நாணயம் அகலாமல் அடுத்தடுத்த வில்லைகளையும் அடித்தால், பள்ளத்துச் சிங்கமுகம் படிப்படியாக விரிந்து மங்கும்.

இதையும் போலி செய்கிறார்கள்: இரண்டு நாணயங்களைப் பட்டறைப் பிடிப்பானில் சேர்த்து இறுக்கினால் ஒன்றின் முகம் மற்றொன்றில் பள்ளமாகப் பதியும். ஆனால் பதிவு விழுந்த பக்கத்தில் ஏற்கெனவே இருந்த எண்ணும் எழுத்தும் முழுதாக அழிவதில்லை. நண்பர் ஒருவர் உறையிலிருந்து எடுத்துக் காட்டிய நாணயத்தில், பள்ளத்துச் சிங்கமுகத்தின் அடியில் ஒன்று என்ற எண்ணின் தண்டு தட்டையாக நசுங்கி, ஒளி சாய்வாக விழுந்தபோது மட்டும் தெரிந்தது. அச்சில் நேர்ந்திருந்தால் அந்தப் பக்கத்தில் அந்த எண் எப்போதுமே இருந்திருக்காது. அவர் நல்ல விலை கொடுத்திருந்தார். நான் தண்டைக் காட்டினேன், விலையைக் கேட்கவில்லை.

9 ஏப்ரல் 2024

விலை பற்றிய விவாதத்தை நான் தவிர்த்தே வந்தேன். ஆனால் ஒரு வாசகரிடம், நாணயத்தை இலட்சக்கணக்கில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, முன்பணமாகப் பதிவுக் கட்டணமும் வரியும் கேட்டிருக்கிறார்கள் என்று படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. கட்ட வேண்டாம். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் இதைப் பற்றியே எச்சரித்திருக்கிறது: தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திப் பழைய நோட்டு, நாணயங்களுக்குக் கட்டணமும் தரகும் கேட்பவர்களோடு தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, அத்தகைய கட்டணம் எதையும் தான் கேட்பதில்லை என்று. உண்மையாக வாங்குபவர் நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்த்துப் பணம் கொடுப்பார். உங்களிடமிருந்து பணம் கேட்க அவருக்குக் காரணமே இல்லை.

வைஷ்ணவதேவி உருவம் உள்ள ஐந்து, பத்து ரூபாய்களைப் பற்றியும் இதே கூச்சல். அவை 2012இல் முறையாக வெளியிடப்பட்ட நினைவு நாணயங்கள். பிழையும் இல்லை, அருமையும் இல்லை.

சட்டைப்பையில் கிடைக்கும் பிழைகளில் பெரும்பாலானவை முகமதிப்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே போகும். பெரிய திரும்பல், பெரிய வெட்டு, உண்மையான பள்ளப்பதிவு ஆகியவற்றுக்கு நாணயக் கண்காட்சிகளிலும் ஏலங்களிலும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே போய் மற்றவர் கொடுக்கும் விலையை நேரில் பார்ப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. காணொளியில் சொல்லப்படும் விலையில் வாங்கிய ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

28 ஏப்ரல் 2024

புளி, சாம்பல், பற்பசை, எலுமிச்சை எதுவும் வேண்டாம். தேய்த்த நாணயத்தில் உலோகம் ஓடிய தடமும் மேற்பரப்பின் இயல்பான மெருகும் போய்விடுகின்றன. பிழையை நிரூபிக்கும் சான்றை நீங்களே கழுவிவிடுகிறீர்கள். வெந்நீரில் நனைத்து, மெத்தென்ற துணியால் ஒற்றி, காகித உறையில் போடுங்கள். அழுக்கோடு இருந்தாலும் பரவாயில்லை.

12 மே 2024

"ஒரு ரூபாய் வில்லையில் அடித்த இரண்டு ரூபாய்" என்று வந்த படம் என்னையும் சற்று நேரம் உட்கார வைத்தது. நாணயம் சிறியது, பழைய இரண்டு ரூபாயின் அருகில் வைத்துப் படமெடுத்திருப்பதால் வேறுபாடு நன்றாகவே தெரிகிறது. தவறான வில்லை என்பது நாணயச்சாலையில் உண்மையிலேயே நேரக்கூடியது: முந்தைய ஓட்டத்தின் வில்லை ஒன்று தொட்டியில் ஒட்டிக்கொண்டிருந்து அடுத்த ஓட்டத்தில் விழுந்துவிட்டால் போதும்.

ஆனால் அப்படி நேர்ந்திருந்தால் இரண்டு ரூபாயின் வடிவம் அந்தச் சிறிய வில்லையில் கொள்ளாது. ஓரத்து எழுத்துகள் அறுபட வேண்டும். படத்தில் எல்லா எழுத்துகளும் விளிம்புக்குள் அடங்கியிருக்கின்றன. எனவே எடையும் விட்டமும் கேட்டேன். 2011 வரிசையில் ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர், 3.79 கிராம், இரண்டு ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். நகைக்கடையில் நிறுத்துவிட்டு அவர் எழுதிய அளவு 23 மில்லிமீட்டர், 4.07 கிராம். இரண்டிலும் சேரவில்லை. 2019இல் அறிவிக்கப்பட்ட புதிய வரிசையின் இரண்டு ரூபாய்க்கு விதிக்கப்பட்ட அளவு அதுதான். புதிய இரண்டு ரூபாய், பழையதைவிடச் சிறியது.

இனி படம் போடுபவர்கள் ஆண்டு, ஆண்டின் கீழுள்ள அடையாளம், எடை, விட்டம், காந்தத்தில் ஒட்டுகிறதா என்ற ஐந்தையும் சேர்த்தே எழுதுங்கள். நகைக்கடைக்காரர் தராசைத் தர மறுத்தால் தபால் நிலையத் தராசை நாட வேண்டாம். அது நம் வேலைக்கு ஆகாது, அங்குள்ளவர்களின் பொறுமையையும் சோதிக்கும்.